கடலுக்குப் போன ஆறு இலக்கம்

தங்கச்சிமடத்தில் அனிட்டா என்றால் சிலருக்குத் தெரியாமல் போகலாம். டிகிரி முடித்த ஜெபஸ்டின் பொண்டாட்டி என்றால் தெரியாதவர் கிடையாது. மீன் ஏலம் எடுக்க வருகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கோயில் உபதேசியார் வரை எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே விஷயம், அனிட்டா டிகிரி முடிக்கவில்லை என்பதுதான். அது அவளுக்கும், ஒவ்வொரு தடவையும் பரீட்சைப் பாரம் போட்டுக் கொடுக்கிற மாஷிதாவுக்கும் மட்டும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போய் முழங்காலில் இருந்திருக்கிறாள். பங்குச் சாமியாரோ அவளைக் கண்டாலே 'வாங்க, பட்டதாரி' என்று கூப்பிடுகிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது? பிள்ளையை அடித்ததையும் மாமியாரை மனசுக்குள் திட்டியதையும் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பொய்க்காரி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவள் பக்கத்தையும் கேட்க வேண்டும். பிளஸ் டூ முடித்த மறு வருஷம், பத்தொன்பது வயதில், அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஜெபஸ்டின் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். எட்டாவது வரை படிப்பு, குடி கிடையாது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆஸ்லின் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அனிட்டா நண்டு கம்பெனியில் சேர்ந்தாள். வேகவைத்த நண்டை உடைத்துச் சதையை எடுக்கிற வேலை. காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். ஓடு கிழித்துக் கிழித்து விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷினில் அவள் விரலை வைத்தால், பொருந்தவில்லை என்று சிவப்பு விளக்கு எரியும். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

இருபத்தொன்பதாவது வயதில் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே ஜெபஸ்டின்தான். "நம்ம வீட்டுல ஒருத்தராவது மேசைக்குப் பின்னாடி உக்காரணும் புள்ள" என்பான். மூன்று வருஷம் நண்டு நாற்றத்தோடு படித்தாள். எல்லாத் தாளிலும் பாஸ், இங்கிலீஷ் இரண்டாம் தாளைத் தவிர. அதில் இருபத்திரண்டு மார்க். வேண்டியது நாற்பது.

ரிசல்ட் வந்த அன்றைக்கு ஜெபஸ்டின் பாலத்தில், அதாவது போட்டுகள் அணைகிற ஜெட்டியில், இருந்தான். போன் பண்ணி "என்ன புள்ள, பாஸா?" என்றான். அவனுக்குப் பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இங்கே கேட்டது. அனிட்டா "ம்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். அடுத்த ஆறு மாசத்தில் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டால் அது பொய்யாகவே இருக்காது என்று நினைத்தாள். அதற்குள் ஜெபஸ்டின் போட்டு ஆள்களுக்குப் பிரியாணி வாங்கிப் போட்டுவிட்டான். ஊர் பூராவும் சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் மூன்று தடவை எழுதினாள். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் பரமக்குடி அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராமநாதபுரத்தில் பரீட்சை எழுதிவிட்டு வருவாள். கோயில் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஆபீஸ் வேலைக்கு ஆள் வேண்டும் என்று சர்டிபிகேட்டைக் கேட்டபோது, இன்னும் கான்வகேஷன் நடக்கவில்லை என்றாள். சிஸ்டர் நல்லவர். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கேட்பார். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அனிட்டா எண்ணுவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது.

இந்த நவம்பரில்தான் கழுத்தில் கயிறு இறுகியது. சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருஷத்துக்குள் எல்லாத் தாளையும் முடிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் சட்டம். டிசம்பர் பரீட்சைதான் கடைசி. பாரம் போடக் கடைசி நாள் புதன்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அதைத் தவறவிட்டால் பாஸ் பண்ணின தாள்களும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும்.

போன வாரமே போட்டிருக்கலாம்தான். ஆனால் ஜெபஸ்டின் கரையில் இருக்கிற நாளெல்லாம் மாஷிதா கடைக்கு ஒரு தடவையாவது வருவான், கரண்ட் பில் கட்ட, ரீசார்ஜ் பண்ண, ஒன்றுமில்லை என்றால் சும்மா பேச. அதனால் அவன் மீன்துறை ஆபீஸில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற புதன்கிழமையாகப் பார்த்து அனிட்டா அரைநாள் லீவு போட்டாள். போட்டு புதன் காலையில் போனால் வியாழன் காலையில்தான் வரும். நன்றாக யோசித்துப் போட்ட திட்டம்தான். அந்தத் திட்டமே அவளைக் கவிழ்த்தது.

மாஷிதா பெரியபட்டினத்திலிருந்து இங்கே வாழ வந்த பெண். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். இரண்டேகால் மணிக்கு அனிட்டாவின் கணக்கைத் திறந்தாள். பாஸ்வேர்டைப் போட்டதும் எப்போதும் வருகிற பக்கம் வரவில்லை, வேறொன்று வந்தது.

"இது என்ன புதுசா இருக்கு?" என்றாள் அனிட்டா.

"ரெண்டாவது பூட்டுக்கா. முன்னாடி பாஸ்வேர்டு மட்டும் போதும். இந்த மாசத்துல இருந்து போனுக்கு ஆறு இலக்கம் அனுப்புவாங்க, அதையும் போட்டாத்தான் உள்ள விடுவாங்க. ஒரு தடவ செட் பண்ணிட்டா சரியாப் போச்சு." மாஷிதா திரையை இன்னொரு தடவை பார்த்தாள். "பதினேழுல முடியிற நம்பருக்கு அனுப்பியாச்சுங்குது. எடுங்க போனை."

அனிட்டாவின் நம்பர் பதினேழில் முடியாது.

ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், மீனவர் அட்டை, தடைக்கால நிவாரணம், ஆஸ்லின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் ஒரே நம்பர்தான் கொடுத்திருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அனிட்டாவிடம் போனே கிடையாது. பல்கலைக்கழகப் பாரத்திலும் கை பழகினபடி அதே நம்பரைத்தான் எழுதினாள்.

"அது அவர் நம்பர்" என்றாள்.

"போன் எங்கக்கா?"

"கடல்ல."

மாஷிதாவுக்கு முழுக் கதையும் தெரியும். "நம்பரை மாத்திருவோம்" என்று தட்டிப் பார்த்தாள். மாற்றலாம் என்றது கம்ப்யூட்டர். மாற்றுவதற்கு முன்னால் பழைய நம்பருக்கு வந்த ஆறு இலக்கத்தைப் போடச் சொன்னது. உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, பாட்டுக் கேள் என்று இருபது நிமிஷம் போனபிறகு ஒரு தம்பி எடுத்தார். மரியாதையான குரல்.

"நம்பர் மாத்தணும்னா உங்க யுனிவர்சிட்டி மெயில்ல இருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புங்க மேடம். அஞ்சு வேலை நாள்ல மாத்திருவோம்."

"அந்த மெயிலைத் திறக்குறதுக்குத்தான் சார் கோடு கேக்குது."

"ஆமா மேடம். கோடைப் போட்டுத் திறந்து, அதுல அனுப்புங்க."

"கோடு கையில இருந்தா நான் ஏன் சார் உங்களுக்குப் போன் பண்றேன்?"

"அந்த விவரத்தைத்தான் மேடம் மெயில்ல தெளிவா எழுதணும்."

அனிட்டாவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அந்தத் தம்பி சட்டத்தைச் சொல்கிறார். மாஷிதா அவளுக்காக நாலு பேரை வெளியே காக்க வைத்திருக்கிறாள். ஜெபஸ்டின் பாவம், கடலில் மடிவலை இழுத்துக்கொண்டிருக்கிறான். மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். கடலில் இறக்கும் மீன் கூடு அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போக வாய் அகலமாக இருக்கும், வெளியே வர வழி கிடையாது.

மணி மூன்று ஆகிவிட்டது. "அக்கா, போட்டுல வயர்லெஸ் இருக்குல்ல?" என்றாள் மாஷிதா. "அண்ணனைப் போனைப் பாத்து நம்பரைச் சொல்லச் சொல்லுங்க. நான் இங்கன உக்காந்து போடுறேன்."

வயர்லெஸ் இருந்தது. போட்டு முதலாளி வீட்டில், ஃபிரிட்ஜுக்கு மேலே, இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. முதலாளியின் மனைவி லூர்து மேரி மற்றவர்கள் சீரியல் கேட்பதுபோல நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் செட்டில் ஒரு சங்கடம். ஒருவர் பேசினால் கடலில் இருக்கிற அத்தனை போட்டுக்கும் கேட்கும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது முதல் எல்லாமே ஊர் அறிந்த செய்திதான்.

போகிற வழியில் பத்தாவது பொய்யைத் தயார் பண்ணினாள்.

"காஸ் வந்திருக்குக்கா" என்றாள் லூர்து மேரியிடம். "அவர் போனுக்குக் கோடு போயிருக்கு. அதைச் சொன்னாத்தான் சிலிண்டரை இறக்குவேங்கிறான்."

லூர்து மேரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நம்ம தெருவுக்கு மூணு மணிக்கு எந்தக் காஸ்காரன் வந்தான்?" என்றவர், ஆனாலும் மைக்கை எடுத்தார். "சகாயமாதா, சகாயமாதா, கரை பேசுறேன்."

சகாயமாதா போட்டின் டிரைவர் செபஸ்தியான் பதில் கொடுத்தான். விஷயத்தைக் கேட்டு ஜெபஸ்டினைக் கூப்பிட்டான். ஜெபஸ்டின் போனை இரண்டு பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருப்பான். அதைப் பிரித்துக்கொண்டு டிரைவர் அறையின் கூரைமேல் ஏறினான்; அங்கே ஏறினால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் இடத்தில்தான் போட்டு அப்போது இருந்தது. மாஷிதா கம்ப்யூட்டரில் அமுக்கினாள். ஐந்து நிமிஷம் கழித்து ஜெபஸ்டின் குரல் வந்தது.

"வந்திருச்சுக்கா. ஆறு, பூஜ்யம், ரெண்டு, ஏழு, ஒண்ணு, நாலு. ஓவர்."

லூர்து மேரி திருப்பிச் சொல்ல, அனிட்டா போனில் சொல்ல, மாஷிதா தட்டினாள்.

"தப்புங்குதுக்கா."

இன்னொரு தடவை அனுப்பினார்கள். "ஒண்ணு, எட்டு, பூஜ்யம், அஞ்சு, மூணு, ஒம்பது. ஓவர்." அதுவும் தப்பு.

"அக்கா, பாத்துக்கங்க" என்றாள் மாஷிதா. அவள் குரலும் மாறியிருந்தது. "மூணாவது தடவையும் தப்பாப் போட்டா நாளைக்குத்தான் திறக்கும்."

அனிட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் புருஷனுக்கு ஆறு இலக்கத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லையா? எட்டாவது வரை படித்தவன்தானே, பூஜ்யத்தையும் எட்டையும் குழப்புகிறானா? வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டினாள்.

லூர்து மேரிக்குத்தான் பொறி தட்டியது. "ஏத்தா, அவன் வாலுல இருந்து சொல்றான்" என்றார்.

சகாயமாதா போட்டில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல மீன் கிடைக்கிற இடத்தின் ஜி.பி.எஸ். நம்பரை வயர்லெஸ்ஸில் சொன்னால் மற்ற போட்டெல்லாம் வந்து விழுந்துவிடும். அதனால் கரைக்கு எந்த நம்பரைச் சொன்னாலும் கடைசி எண்ணிலிருந்து தலைகீழாகத்தான் சொல்வார்கள். லூர்து மேரி அதைத் திருப்பி எழுதிக்கொள்வார். காஸ் நம்பரை அப்படிச் சொல்வான் என்று அவர் நினைக்கவில்லை. ஊர் பூராவும் கேட்கிற இடத்தில் ரகசிய எண்ணை நேராகச் சொல்லக் கூடாது, அக்கா திருப்பிக்கொள்வார் என்று அவன் நினைத்தான். அவன் செய்ததிலும் தப்பில்லை, இவர் செய்ததிலும் தப்பில்லை. இரண்டு தடவை வீணாய்ப் போனது மட்டும் மிச்சம். ஒரு தடவை தப்பாகப் போட்ட எண் அத்தோடு செல்லாது, திருப்பிப் போட்டும் பயனில்லை.

"மூணாவது அனுப்பச் சொல்லு" என்றார் லூர்து மேரி.

அனுப்பினால் போய்ச்சேர வேண்டுமே. அதற்குள் சிக்னல் போய்விட்டது. மடியைத் தூக்குவதற்காகச் செபஸ்தியான் போட்டைக் கிழக்கே திருப்பியிருந்தான். மடி மேலே வந்து, மீனைக் கொட்டி, திரும்ப மேற்கே வந்தால்தான் சிக்னல்.

"ஒரு சிலிண்டருக்கா மதினி போட்டைத் திருப்பச் சொல்றீக?" என்றான் செபஸ்தியான். "அடுத்த மடி போடுற நேரம் போயிருமே."

"திருப்புன்னா திருப்பு" என்றார் லூர்து மேரி.

அனிட்டாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. இல்லாத சிலிண்டருக்காக ஒரு போட்டு கடலில் திரும்புகிறது. ஆறு ஆள் வேலையை விட்டுவிட்டு நிற்கிறார்கள். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். லூர்து மேரி சும்மா இரு என்று கையைக் காட்டிவிட்டு, குடிக்கத் தேத்தண்ணி கொண்டுவந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். மூன்றே முக்கால். நான்கு. நான்கு இருபது.

நான்கு முப்பத்தைந்துக்கு செபஸ்தியான் மேற்கே வந்துவிட்டதாகச் சொன்னான். மாஷிதா கடைசித் தடவையாக அமுக்கினாள். அந்த எண் பத்து நிமிஷம்தான் செல்லும்.

ஜெபஸ்டின் வந்தான். ஆனால் எண்ணைச் சொல்லவில்லை.

"அக்கா, அனிட்டா அங்கன இருக்காளா? அவகிட்டச் சொல்லுங்க, இது காஸ் இல்ல. மடி தூக்குன நேரத்துல பழைய மெசேஜை எழுத்துக் கூட்டிப் பாத்தேன். யுனிவர்சிட்டின்னு போட்டிருக்கு. அவ முடிச்சுத்தான் நாலு வருஷமாச்சே. இப்ப எவன் அவ பேருல கேக்குறான்? இது களவாணிப் பய வேலை. எவன் கேட்டாலும் குடுக்காதேன்னு சொல்லுங்க. நானும் குடுக்க மாட்டேன். ஓவர்."

காதில் இருந்த போனில் மாஷிதா, "அக்கா, எட்டு நிமிஷம் இருக்கு" என்றாள்.

லூர்து மேரி மைக்கை அனிட்டாவிடம் நீட்டினார். "நீயே பேசு" என்றார்.

சர்டிபிகேட் வாங்குவதற்காக என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பொய். ஜெபஸ்டின் உடனே நம்புவான், சந்தோஷப்படுவான், எண்ணையும் கொடுத்துவிடுவான். கொடுத்துவிட்டு, சர்டிபிகேட் வரப் போகிறது என்று கடலிலேயே எல்லாருக்கும் சொல்வான். இதற்கு மேல் அவளால் சுமக்க முடியாது என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிந்தது. அவனுக்கு வலிக்கும், ஊர் சிரிக்கும், எல்லாம் தெரிந்துதான் பொத்தானை அமுக்கினாள்.

"ஆஸ்லின் அப்பா, நான்தான். களவாணி யாரும் இல்ல, நான்தான் கேக்குறேன். நான் பாஸ் பண்ணல. இங்கிலீஷ் ரெண்டாம் பேப்பர் அன்னைக்கே போச்சு. அதுக்கப்புறம் எழுதியும் வரல. பரமக்குடிக்குன்னு சொல்லிட்டுப் போனதெல்லாம் பரீட்சைக்குத்தான். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பாரம் போடலன்னா ஏழு வருஷமும் வீணாப் போகும். காஸுன்னு சொன்னதும் பொய். கோவத்தக் கரைக்கு வந்து காட்டுங்க. இப்ப நம்பரைச் சொல்லுங்க."

சொல்லி முடித்தும் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றாள். லூர்து மேரி அவள் விரலைப் பிடித்து எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருந்து யாரும் பேச முடியாது.

யாரும் பேசவும் இல்லை. எப்போதும் சந்தைக்கடை மாதிரி இரைகிற அந்தச் செட்டில் ஒரு போட்டும் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கேயோ ஒருவர் இருமிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஆறு நிமிஷம்க்கா" என்றாள் மாஷிதா.

பிறகு ஜெபஸ்டின் வந்தான். "தலையில இருந்து சொல்றேன்" என்றான். "ரெண்டு. எட்டு. பூஜ்யம். ஆறு. நாலு. நாலு." ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் அதே எண்ணை முதலிலிருந்து சொன்னான். அத்தனை போட்டும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அனிட்டா என்று பெயர் சொல்லவில்லை, ஓவர் என்று சொல்லவில்லை. செட்டை வைத்துவிட்டான்.

"திறந்திருச்சுக்கா" என்றாள் மாஷிதா.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பாரம் போய்ச்சேர்ந்தது. அனிட்டா சென்டருக்கு ஓடி வருவதற்குள் மாஷிதா ரசீதை அச்செடுத்து வைத்திருந்தாள். கணக்கில் ஜெபஸ்டின் நம்பரை எடுத்துவிட்டு அனிட்டா நம்பரைப் போட்டார்கள். ஆறு இலக்கம் அவள் கையிலிருந்த போனுக்கே வந்தது. இவ்வளவு லேசான வேலையா இது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

அவள் தெருவுக்குத் திரும்பும் முன்பே செய்தி வந்துவிட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "இங்கிலீஷா? அது கஷ்டம்தான்" என்று ஆறுதலா குத்தலா என்று தெரியாமல் சொன்னாள். ஆஸ்லின் சாப்பிட்ட தட்டை அவளாகவே கழுவி வைத்தாள். பிள்ளை அப்படி அடக்கமாக இருந்தது அனிட்டாவுக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

காலையில் எட்டரைக்கு ஜெபஸ்டின் வந்தான். மீன் பையைக் கொடுத்தான். குளித்தான். சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு கை சோறு அள்ளிப் போட்டான். அனிட்டா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எத்தன தடவ எழுதுன?" என்றான்.

"நாலு."

"எவ்வளவு வாங்குன, கடைசியா?"

"முப்பத்தாறு. நாப்பது வேணும்."

அவன் மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "போட்டுல யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. செபஸ்தியான் அண்ணன் என் மூஞ்சியவே பாக்கல. அந்திக்கு மத்த போட்டுக்காரனுக வயர்லெஸ்ல ஆரம்பிச்சானுக. பிரியாணியத் திருப்பித் தரணுமான்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சானுக."

"என்னாலதான்" என்றாள் அனிட்டா.

"உன்னாலதான்." அவன் தண்ணீர் குடித்தான். "பொறுத்துப் பாத்தேன். பொறுக்க முடியல. மைக்க எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"டிசம்பர்ல பாஸ் பண்ணிருவான்னு சொல்லிட்டேன். பண்ணலன்னா இந்தக் கரையில நான் போட்டு ஏற மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். எல்லாப் போட்டும் கேட்டுச்சு."

அனிட்டா சுவரை விட்டு முன்னே வந்தாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? நான் நாலு தடவ..."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?" என்றான் ஜெபஸ்டின். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. ராத்திரி பூராவும் தூங்காத களைப்பு மட்டும் இருந்தது. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தான். படுத்த இடத்திலிருந்து, "பரீட்சை என்னைக்கு?" என்றான்.

"பதினாலு. ஞாயித்துக்கிழமை."

அதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

இன்னும் இருபத்து நான்கு நாள் இருந்தது. நேற்று வரை தோற்றால் தோற்றது அவளோடு போகும். இனிமேல் அவன் பிழைப்பும் அந்த நாலு மார்க்கில் மாட்டிக்கொண்டது. அவனே கொண்டுபோய் மாட்டிவிட்டான். அவனை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும்போலவும் இருந்தது, காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. கம்பெனிக்கு இன்றைக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டு, இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.